இடது கால்ல போலியோ: கியர் பைக்கா, சைடு வீல் ஸ்கூட்டரா?

கேள்வி: அண்ணே வணக்கம். சேலம் செவ்வாய்பேட்டைல கொலுசு பட்டறைல வேலை பாக்குறேன், வயசு 36. சின்ன வயசுல போலியோ வந்து இடது கால் சூம்பிப் போச்சு, காலிபர் (காலைத் தாங்குற கம்பிச் சட்டம்) போட்டுத்தான் நடக்குறேன், வலது கால் நல்லா இருக்கு. இப்ப ஒரு செகண்ட் ஹேண்ட் கியர் பைக் கம்மி விலைக்கு வருது. வீட்ல எல்லாரும் சைடு வீல் ஸ்கூட்டர் வாங்குங்கறாங்க, எனக்கு மனசு ஒப்பல. மாமியார் வீடு ஏற்காட்டுல, மச்சான் புல்லட்ல சுத்துறவரு, அவரு முன்னாடி சைடு வீல்ல போய் எறங்குனா கேவலமா இருக்கும்ணே. சம்சாரம், ஆறு வயசு பாப்பா ரெண்டு பேரையும் உக்கார வெச்சு நானே மலை ஏத்திட்டுப் போகணும்னு ரொம்ப நாள் ஆசை. கியர் பைக் ஓட்டலாமா?

பதில்: தம்பி, கியர் பைக் வேண்டாம். பட்டுனு சொல்லிட்டேன்னு வருத்தப்படாதீங்க, காரணத்தை முழுசா சொல்றேன். கால் சரியில்லாதவனுக்கு எதுக்கு வண்டின்னு பேசுற ஆளு நான் இல்ல, எனக்கும் வலது கால் போலியோதான், வண்டி கைக்கு வந்தப்புறம்தான் யாரையும் எதிர்பாக்காம வேலைக்குப் போக ஆரம்பிச்சேன். அதனால நீங்க ஓட்டியே ஆகணும், அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கெடையாது.

வண்டி ஓடும்போது சாயாம இருக்க நம்ம கால் தேவையே இல்ல, ஓட்டத்துல வண்டி தானா நிமுந்து நிக்கும். நிறுத்தும்போதுதான் கால் வேணும், அதுவும் மேட்டுல நிறுத்தும்போது. அடிவாரத்துல இருந்து ஏற்காடு வரைக்கும் 20 கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவுக்கு முன்னாடி மேல இருந்து பஸ் வருது, நீங்க ஏத்தத்துல நிக்கணும், கியர் பைக்ல இருக்கீங்கன்னு வெச்சுக்குங்க. இடது கால் தாங்காது, அதனால வலது காலை ஊணுவீங்க. ஆனா பின் பிரேக் இருக்கறதே வலது கால்லதான், அந்தக் கால் தரையில இருந்தா பிரேக்கை யாரு மிதிக்கிறது? மிச்சம் முன் பிரேக், அது வலது கைல, ஆக்ஸிலரேட்டரும் அதே கைல. பிரேக்கைப் புடிச்சுக்கிட்டே அதே கையால அளவா முறுக்குறது ரொம்பக் கஷ்டம், விட்ட நொடியில வண்டி பின்னாடி உருள ஆரம்பிச்சிரும், வண்டியில பின்னாடி உக்காந்திருக்கறது உங்க சம்சாரம், குழந்தை. இடது காலால போடுற கியர் பெடலைக் கைக்கு மாத்தித் தர்ற மெக்கானிக் யாராவது கெடைச்சாலும் இந்த இடத்துல அது உதவாது.

கியர் இல்லாத ஸ்கூட்டர்ல இந்தச் சிக்கலே இல்ல. பின் பிரேக் இடது கைல இருக்கு, அதைப் புடிச்சுக்கிட்டே வலது கையால மெதுவா முறுக்கி, வண்டி இழுக்குதுன்னு தெரிஞ்சப்புறம் பிரேக்கை விட்டாப் போதும், உருளாது.

சரி, ஸ்கூட்டர், ஆனா சைடு வீல் எதுக்கு, வலது கால் நல்லாத்தான இருக்குன்னு கேப்பீங்க. உங்க காலிபரை நெனச்சுப் பாருங்க. உக்காரணும்னா முட்டி லாக்கை எடுத்து விடணும், அப்பத்தான் கால் மடங்கும். அஞ்சு ரோடு சிக்னல்ல வண்டி லேசா இடது பக்கம் சாயுது, அந்த நேரத்துல குனிஞ்சு லாக் போட முடியுமா? லாக் இல்லாம ஊணுனா கால் ஈரத்துணி மாதிரி மடிஞ்சிரும். லாக் போட்டுக்கிட்டே ஓட்டலாம்னா கால் விறைச்சு முன்னாடி நீட்டிக்கிட்டு நிக்கும், பக்கத்துல போற வண்டில இடிக்கும். தனியா ஓட்டுனா வலது பக்கமே சாய்ச்சு நிறுத்திப் பழகி சமாளிக்கிறவங்க இருக்காங்க. ஆனா ஸ்கூட்டரே நூறு கிலோவுக்கு மேல, பின்னாடி ஆள் ஏறுனா இடது பக்கம் சாஞ்ச வண்டிய ஒத்தக் காலால நிமுத்தவே முடியாது. குடும்பத்தை ஏத்துறதா இருந்தா சைடு வீல்தான்.

இன்னொண்ணு, சட்டப்படி பின்னாடி ஒரே ஆள்தான். ஆறு வயசு பாப்பாவும் ஒரு ஆளு, ஹெல்மெட்டும் போடணும். அதனால சம்சாரமும் பாப்பாவும் பஸ்ல வரட்டும், நீங்க தனியா ஏறிப் பழகுங்க, மலை கைக்குப் பழகினப்புறம் ஒருத்தர ஏத்திக்கலாம்.

சைடு வீல் வண்டி மலைல ஓட்டுறது வேற பழக்கம். அது சாயாது. ரெண்டு சக்கர வண்டிய வளைவுல சாச்சு திருப்புவோம், இதுல நேரா நின்னுக்கிட்டேதான் திரும்பும், வேகமா வந்தா வெளிப்பக்கம் தள்ளும், உள்பக்கச் சக்கரம் தூக்கும். வளைவுக்கு முன்னாடியே நடக்குற வேகத்துக்குக் குறைச்சிடுங்க, உடம்பை மட்டும் உள்பக்கம் சாச்சுக்குங்க. குழில இறங்குறப்போ சைடு வீல் ரெண்டும் மேட்டுல நின்னு நடுச் சக்கரம் அந்தரத்துல சுத்துறதும் உண்டு, ரோட்டைப் பாத்து போங்க. ரெண்டு பக்க டயர்லயும் காத்து ஒரே அளவு இருக்கணும், இல்லன்னா ஒரு பக்கமா இழுக்கும். மலை ஏறுறதுக்கு முன்னாடி சைடு வீலைத் தாங்குற பிராக்கெட் வெல்டிங்ல விரிசல் இருக்கான்னு கையால தடவிப் பாருங்க.

ஏறுறதை விட இறங்குறதுக்குத்தான் நான் பயப்படுறேன். கியர் வண்டின்னா ரெண்டாவது கியர் போட்டு இன்ஜினே புடிச்சுக்கும், ஸ்கூட்டர்ல அந்தப் புடி கம்மி, ரொம்ப மெதுவா வந்தா கிளட்ச் தானா விட்டு அதுவும் போயிரும், முழுக்க பிரேக்தான். சைடு வீல்ல பெரும்பாலும் பிரேக் இருக்காது, எடை மட்டும் கூடும். அடிவாரம் வரைக்கும் பிரேக்கை அமுக்கிக்கிட்டே வந்தா சூடாகிப் புடிக்காமப் போயிரும். ரெண்டு பிரேக்கையும் சேத்து அமுக்கி வேகத்தைக் குறைச்சு விடுங்க, திரும்ப அமுக்குங்க, நடுவுல சமமான இடம் பாத்து நிறுத்தி ஆற விடுங்க. பெட்ரோல் மிச்சம்னு இன்ஜினை ஆஃப் பண்ணி உருட்டிட்டு வர்றாங்களே, அதை மட்டும் செய்யவே செய்யாதீங்க. கோடை விழா நேரத்துல மலைப் பக்கமே போக வேண்டாம், கார் கூட்டத்துல நின்னு நின்னு ஏறணும். போலியோ கால் குளிர் தாங்காது, இடது காலுக்கு கம்பளி சாக்ஸ் போட்டுக்குங்க.

பேப்பர் வேலையை தள்ளிப் போடாதீங்க. சைடு வீல் மாட்டின 14 நாளைக்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சொல்லி ஆர்.சி.ல ஏத்தணும், லைசென்ஸும் அந்த மாதிரி மாத்தின வண்டிக்கானதா எடுக்கணும். ஆர்.சி.ல ஏறாம ஓட்டுனா விபத்துன்னு வந்தா இன்ஷூரன்ஸ் பணம் வாங்குறது பெரும்பாடு. ஏறிருச்சுன்னா, நம்ம வண்டிக்கு வர்ற சேதத்துக்கான பிரீமியத்துல தள்ளுபடி உண்டு, கேட்டு வாங்குங்க. காசு போடுறதுக்கு முன்னாடி கலெக்டர் ஆபீஸ் போய் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க, அரசாங்கமே இணைப்புச் சக்கரம் வெச்ச பெட்ரோல் ஸ்கூட்டர் இலவசமா தருது, யாருக்குன்னு விதி இருக்கு, உங்களுக்குப் பொருந்துமான்னு அவங்க சொல்வாங்க. அடையாள அட்டை, வேலை பாக்குறதுக்கான சான்று ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க.

மச்சான் விஷயம். அவரு ரெண்டு காலையும் ஊணி புல்லட் ஓட்டுறாரு, நீங்க ஒரு கால வெச்சுக்கிட்டு அதே 20 வளைவை ஏறி வந்து நிக்கப் போறீங்க. இதுல கேவலம் எங்க இருக்குன்னு எனக்குப் புரியல தம்பி. அவரு ஏதாவது சொல்லுவாருன்னு நீங்களா நெனச்சுக்கிறீங்களோன்னு தோணுது. முதல் தடவை ஏறும்போது அவரையே புல்லட்டை எடுத்துட்டு வந்து உங்க பின்னாடியே வரச் சொல்லுங்க, எங்கயாவது வண்டி நின்னுட்டா தள்ளவும் ஒரு ஆள் வேணும்ல.