அப்பாவின் நம்பர் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயது. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன், இப்போது டவுனில் தாமான் (குடியிருப்பு) வீட்டில் இருக்கிறோம். ஈப்போவில் டெக்னீஷியன் வேலை. அடுத்த மாதம் புது மைவி கார் எடுக்கிறேன். அதற்கு 909 என்ற நம்பரை ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) ஏலத்தில் எடுக்க ஆசை. அப்பா பிறந்தது செப்டம்பர் 9. கூட்டினாலும் 9 வருகிறது. அப்பா தவறி மூன்று வருடம் ஆகிறது, அவர் நினைவாக இருக்கட்டுமே என்று பார்க்கிறேன். 7,000 வெள்ளி ஒதுக்கி வைத்திருக்கிறேன். 2012-இல் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ 1 என்ற நம்பர் 5 லட்சத்து 20 ஆயிரம் வெள்ளிக்குப் போனது, அப்படிப் பார்த்தால் நம்பரும் ஒரு முதலீடுதானே? அம்மாவும் அக்காவும் வீண் செலவு என்கிறார்கள். அம்மாவுக்கு வண்டி விஷயம் ஒன்றும் தெரியாது. இன்னும் அப்பாவின் ஈஎக்ஸ்5 மோட்டாரில்தான் விடியற்காலை கையுறைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறார். அது அப்பா பேரிலேயே இருப்பதால் ரோடு டேக்ஸ் எடுக்க முடியாமல் காலாவதியாகி இரண்டு வருடம் ஆகிறது, ஆனால் பக்கத்து ரோடுதான் என்பதால் பிரச்சினை இல்லை. நீங்கள் எழுதினால் அம்மா கேட்பார். நம்பர் எடுக்கலாமா?
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, அம்மாவுக்கு எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. எழுத வேண்டியதெல்லாம் உனக்குத்தான், அதுவும் நீ என்றே எழுதுகிறேன், என் தம்பி வயதுகூட உனக்கு இல்லை.

"பக்கத்து ரோடுதான் என்பதால் பிரச்சினை இல்லை." எந்தப் பக்கத்து ரோடு? சுங்கை சிப்புட்டில் எங்கிருந்து கிளம்பினாலும் கொஞ்ச தூரத்தில் ஈப்போவிலிருந்து குவாலா கங்சார் போகிற பெரிய ரோட்டில்தான் ஏற வேண்டும். விடியற்காலையில் அங்கே என்னென்ன லோரி ஓடும் என்று எனக்குத் தெரியும், உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த இருட்டில், செத்துப்போன கணவர் பேரில் இருக்கிற மோட்டாரில், ரோடு டேக்ஸ் இல்லாமல், அப்படியென்றால் இன்சூரன்சும் இல்லாமல், உன் அம்மா இரண்டு வருடமாக வேலைக்குப் போய் வருகிறார். அதை நீ ஒரு கடிதத்தின் நடுவில், அம்மாவுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதற்குச் சாட்சியாக எழுதியிருக்கிறாய்! தெரியாதது அம்மாவுக்கா, உனக்கா?

இதற்குத் திரும்ப வருகிறேன். நீ கேட்ட நம்பர் விஷயத்தை முதலில் பேசிவிடலாம்.

நம்பர் ஆசையை நான் மட்டமாகப் பார்க்கவில்லை. நம் ஜனங்களுக்குத் தோட்டத்தில் நம்பருக்குப் பஞ்சமே கிடையாது. செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) ஒரு நம்பர், லயத்து வீட்டுக்கு ஒரு நம்பர், ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் விடியுமுன் நின்றால் ஆளைவிட நம்பர்தான் முக்கியம். எல்லாம் மற்றவர் கொடுத்த நம்பர். தானே பார்த்து, தனக்கென்று தேர்ந்தெடுத்து, காசு கொடுத்து வாங்குகிற நம்பர் உன் வயதுப் பிள்ளைகளுக்குத்தான் வாய்த்திருக்கிறது, அதில் ஒரு பெருமை இருக்கத்தான் செய்யும். கோயில் மண்டபத்தில் கல்யாணம் நடக்கும்போது வழியை மறிக்கிற காரை எடுக்கச் சொல்லி மைக்கில் நம்பரைப் படிப்பார்களே, நல்ல நம்பராக இருந்தால் மொத்தப் பந்தியும் யார் கார் என்று திரும்பிப் பார்க்கும். சின்ன ஊரில் முகத்துக்கு முன்னால் கார் நம்பர்தான் வந்து சேரும். இதெல்லாம் எனக்கும் புரிகிறது.

ஆனால் முதலீடு என்று சொல்லாதே. டபிள்யூ டபிள்யூ டபிள்யூ 1-ஐ எடுத்தவர் ஜொகூர் சுல்தான். அது ஒற்றை இலக்கம், அதுவும் மூன்று எழுத்தும் ஒன்றாக வந்த கோலாலம்பூர் வரிசை. அப்படி ஒன்று இனி வராது. உன் 909 அப்படியா? நம் நாட்டில் எழுத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, பேராக் என்றால் ஏ, சிலாங்கூர் என்றால் பி, ஜொகூர் என்றால் ஜே, ஒவ்வொரு வரிசையும் 1-இல் தொடங்கி 9999 வரை ஓடும், முடிந்தால் அடுத்த எழுத்து வரும். அதாவது ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு 909 பிறந்துகொண்டே இருக்கிறது. இந்த வருடம் நீ விட்டால் அடுத்த வரிசையில் இன்னொன்று. நிறையக் கிடைக்கிற பொருளுக்கு யார் விலை ஏற்றுவார்?

அப்புறம் ஏன் அதற்கு இவ்வளவு போட்டி என்றால், ஒன்பது எல்லோருக்கும் பிடித்த எண். நம்மவர்கள் கூட்டு எண் பார்ப்பார்கள். சீனர்களுக்கு எட்டு என்றால் செழிப்பு, நாலு என்றால் சாவின் ஓசை, ஒன்பது என்றால் நீண்டு நிலைப்பது. ஆக, உன் அப்பாவின் பிறந்த நாள் என்று நீ நினைக்கிற நம்பருக்கு, உன் அப்பாவை யாரென்றே தெரியாத தவுக்கே (சீன முதலாளி) ஒருவரும் விலை ஏற்றிக்கொண்டிருப்பார். 2019-இலிருந்து ஏலம் இணையத்தில் நடக்கிறது, எதிரில் ஆள் தெரியாது, கைபேசியில் ஒரு தட்டு, இன்னொரு தட்டு, 7,000 என்று வைத்த வரம்பு ராத்திரியில் 8,500 ஆவதற்கு அதிக நேரம் பிடிக்காது. இதைப் பலர் எனக்கு எழுதியிருக்கிறார்கள், முக்கால்வாசி அவர்களுடைய மனைவிமார்.

கார் இடிபட்டால் இன்சூரன்ஸ் காரின் மதிப்பைப் பார்க்கும், நம்பருக்கு நீ கொடுத்ததைப் பார்க்காது. காரை விற்கும்போது நம்பரைப் பிரித்து வேறு வண்டிக்கு மாற்றிக்கொள்ள ஜேபிஜேயில் வழி இருக்கிறது, அதற்கும் கட்டணம், அலைச்சல். நம்பரையே விற்க வேண்டுமானால் அதே நம்பர்மேல் ஆசை உள்ள ஓர் ஆள் கிடைக்க வேண்டும். ஆசைக்கு வாங்குகிறாய் என்றால் ஆசைக்கு என்று சொல். பூ வாங்குகிறோம், பட்டுப்புடவை வாங்குகிறோம், அதுபோல. (வாங்கினால் எழுத்தை வளைத்து, இடைவெளியை மாற்றி, 4-ஐ ஏ மாதிரியும் 8-ஐ பி மாதிரியும் காட்டுகிற தட்டு மட்டும் போடாதே, அது குற்றம், ரோட்டில் நிறுத்திச் சம்மன் எழுதுவார்கள்.)

சரி. இனி அந்த மோட்டார்.

அப்பா நினைவுக்கு ஒரு நம்பர் தேடுகிறாய். அப்பா தானே வாங்கி, தானே ஓட்டி, உன்னைப் பள்ளிக்கு ஏற்றிப் போன வண்டியின் நம்பர் இப்போதும் உன் வீட்டு வாசலில் நிற்கிறது. தோட்டத்து வேலையில் அவர் எத்தனை மாதம் தவணை கட்டி அந்த ஈஎக்ஸ்5-ஐ எடுத்தாரோ! நீ கடிதத்தில் இரண்டு வண்டி நம்பர் எழுதினாய், 909, டபிள்யூ டபிள்யூ டபிள்யூ 1. அந்த மோட்டாரின் நம்பரை எழுதவில்லை. உனக்கு அது மனப்பாடமாகத் தெரியுமா என்றுகூட எனக்குச் சந்தேகம். உடனே அந்த நம்பரைக் கழற்றி மைவியில் மாட்டிக்கொள்ளலாமே என்று யோசிக்காதே. அது அம்மா ஓட்டுகிற வண்டி, அம்மாவிடமே இருக்கட்டும்.

சின்ன மோட்டாருக்கு ரோடு டேக்ஸ் வருடத்துக்கு இரண்டு வெள்ளி என்றுதான் பல காலம் இருந்தது. நீ 909-க்கு ஒதுக்கிய பணத்தோடு சேர்த்து அந்த இரண்டு வெள்ளியை யோசித்துப் பார். பணம் இல்லாமல் இது நிற்கவில்லை. ஒரு நாள் லீவு போட்டு வரிசையில் நிற்க ஆள் இல்லாமல் நிற்கிறது. 2023-இலிருந்து ரோடு டேக்ஸ் தாளை வண்டியில் ஒட்ட வேண்டியதில்லை, எல்லாம் கைபேசியில் பார்க்கலாம் என்று ஆகிவிட்டது, ஆனால் அது உரிமையாளரின் ஐசி (அடையாள அட்டை) எண்ணில்தான் தெரியும். இந்த மோட்டாரின் உரிமையாளர் மூன்று வருடத்துக்கு முன்னால் போய்விட்டார். அம்மாவின் கைபேசியில் எதுவும் தெரியாது. அவருக்கு யார் சொல்வார்?

இன்சூரன்ஸ் என்பது போலீஸ்காரருக்குக் காட்டுகிற காகிதம் என்று நம்மில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். 1987-ஆம் வருடச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியதற்குக் காரணம் இருக்கிறது. நாளைக் காலை அம்மா ஒரு பள்ளிப் பிள்ளையை இடித்துவிட்டால், அந்தப் பிள்ளையின் மருத்துவச் செலவும் நஷ்ட ஈடும் கையுறைத் தொழிற்சாலைச் சம்பளம் வாங்குகிற உன் அம்மா தலையில்தான் விழும். அவரால் முடியுமா? அப்போது உன் 909-ஐ விற்றுக் கட்டுவாயா, யார் வாங்குவார்?

உன் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தது நீயாகத்தான் இருக்கும். கருமாதி செய்திருப்பாய், வருடா வருடம் திவசமும் கொடுப்பாய். என்னைக் கேட்டால் அப்பா பேரில் கிடக்கிற கடைசிக் காகிதம் அம்மா கைக்கு வரும்வரை மகனுடைய கருமாதி முடியவில்லை. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். உங்கள் ஊர் எம்பியாக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துரைமார் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்க, தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்த காலம். பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி நம் ஜனங்கள் பங்கு எடுத்தார்கள். எங்கள் தாத்தாவும் எடுத்தார். தாத்தா போனார், பாட்டி போனார், பங்கைப் பேர் மாற்ற யாருக்கும் நேரம் வரவில்லை, மாமாக்களும் ஒவ்வொருவராகப் போன பிறகு அந்தப் பழைய பத்திரம் என் கைக்கு வந்தது. பேரன் பேத்தி என்று பதினோரு பேரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது, அதில் இரண்டு பேர் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். தாத்தா கட்டியது மாதம் பத்து வெள்ளி. அவர் ஒரு நாள்கூடத் தவறவில்லை, தவறினது எங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான்.

உன் வீட்டில் இப்போது மூன்று பேர்தான், ஒரே மேசையில் உட்கார்ந்து முடித்துவிடலாம். அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், 1958-ஆம் வருடச் சொத்துப் பகிர்வுச் சட்டப்படி, தாத்தா பாட்டி உயிரோடு இல்லை என்றால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவு, கல்யாணமாகிப் போன அக்காவுக்கும் அதே. ஆக அந்த ஈஎக்ஸ்5-இல் மூன்றில் ஒரு பாகம் உன்னுடையது, தம்பி, தெரியுமா? அதை நீயும் அக்காவும் அம்மாவுக்கு விட்டுக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

வீடு யார் பேரில் இருக்கிறது? அதை நீ எழுதவே இல்லை. மோட்டாரையே மாற்றாத வீட்டில் வீட்டுக் கிராண்ட் (உரிமைப் பத்திரம்) மட்டும் மாறியிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. அப்பா பேரில் வீடோ நிலமோ இருந்தால் நில அலுவலகத்தின் சிறு சொத்துப் பிரிவுக்குப் போக வேண்டும், எல்லாவற்றையும் ஒரே மனுவில் போடலாம். மோட்டார், வங்கிப் பணம் மாதிரி அசையும் சொத்து மட்டும்தான் என்றால் அமானா ராயா என்ற அரசு அறங்காவல் நிறுவனத்தில் கேட்கலாம். இறப்புச் சான்றிதழ், அம்மாவின் கல்யாணப் பத்திரம், உங்கள் இரண்டு பேர் பிறப்புப் பத்திரம், மூன்று பேர் ஐசி, மோட்டார் கிராண்ட், எல்லாம் அசலும் நகலுமாக ஒரு கோப்பில் போட்டுக்கொள். அங்கே உத்தரவு கிடைத்ததும் அதைக் கொண்டு ஜேபிஜேயில் அம்மா பேருக்கு மாற்று, பிறகு இன்சூரன்ஸ், பிறகு ரோடு டேக்ஸ். ஒரே நாளில் முடியாது, இரண்டு மூன்று முறை அலைய விடுவார்கள், போ. லீவு இல்லை என்று சொல்லாதே, புது கார் எடுக்கிற நாளுக்கு லீவு வைத்திருப்பாய்.

அம்மாவிடம் மோட்டார் லைசென்ஸ் இருக்கிறதா என்றும் கேள். தோட்டத்தில் ஓட்டப் பழகிய பெண்கள் பலர் லைசென்ஸ் எடுக்காமலே ஓட்டிக்கொண்டிருப்பார்கள். இல்லையென்றால் அந்த 7,000-இலிருந்து முதலில் கட்ட வேண்டியது அவருடைய லைசென்ஸ் வகுப்புக்கு.

இந்தக் காகிதமெல்லாம் முடிந்து, பணமும் மிஞ்சி, அதற்குப் பிறகும் 909 வேண்டும் என்று தோன்றினால் எடுத்துக்கொள், நான் தடுக்கவில்லை. அடுத்த வரிசையிலும் அது வரும் என்று மேலேயே சொல்லிவிட்டேன். மோட்டார் அம்மா பேருக்கு வரும்வரை அதை வீட்டில் பூட்டி வை. அம்மாவின் ஷிப்ட் எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதற்கு முன்னால் நீ எழுந்து, புது கார் வருகிற வரைக்கும் இப்போது வேலைக்கு எதில் போகிறாயோ அதிலேயே அவரை ஏற்றிக்கொண்டு போய்த் தொழிற்சாலை வாசலில் விடு. நாளைக் காலையிலிருந்தே.