கேளுங்கோ, சொல்லுறம்: ஒடியல் மாவைக் கண்டிராத ஆளுக்கு எப்பிடி எழுதுறது?

கேள்வி: அக்கா, நாங்கள் கொஞ்சப் பெண்கள் சேர்ந்து ஒடியல் மா, புழுக்கொடியல், தேன், கருவாடு எல்லாம் பேஸ்புக்கில போட்டு விக்கிறம். “வன்னி மண்ணின் தூய பாரம்பரிய ஒடியல் மா, 100% இயற்கை, உயர்தரம், விலைக்கு இன்பொக்ஸ் வரவும்” எண்டுதான் எழுதுறனாங்கள். லைக் நல்லா விழுது, ஓடர் குறைவு. வாங்கின கொழும்புப் பிள்ளை ஒண்டு மா கைக்குது, பழுதாப்போச்சு எண்டு காசைத் திருப்பிக் கேக்குது. என்ன செய்ய? – வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, மா பழுதாகேல்லை, அந்தப் பிள்ளையிலயும் பிழை சொல்லேலாது. ஒடியல் எண்டா பனங்கிழங்கை அவிக்காமல் கிழிச்சுக் காயவைச்சது, அந்த மா கைக்கத்தான் செய்யும், தண்ணியில ஊறவிட்டு மேல்தண்ணியை ஊத்திப்போட்டுத்தான் கூழோ பிட்டோ எண்டது எங்களுக்குச் சின்னனில இருந்தே தெரியும், தெரிஞ்சதாலதான் அதை எழுதோணும் எண்டு உங்களுக்குத் தோணேல்லை. கொழும்பில வளந்த பிள்ளைக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது?

“தூய”, “பாரம்பரிய”, “உயர்தரம்” எல்லாத்தையும் தூக்கிப்போடுங்கோ. விக்கிற எல்லாரும் அதைத்தான் எழுதுகினம், வாசிக்கிற ஆள் அதில ஒண்டும் அறியாது. சந்தையில எண்டா கையில எடுத்துப் பாப்பினம், மணந்து பாப்பினம், இதை என்னண்டு சமைக்கிறது எண்டு கேப்பினம், போனில பாக்கிற ஆளுக்கு அந்த வேலை முழுக்க உங்கட எழுத்துத்தான் செய்யோணும். இன்பொக்ஸைத் திறந்து ஆக்கள் திரும்பத் திரும்பக் கேட்டது என்னெண்டு பாருங்கோ, அதுகளுக்கான பதிலை முதலே எழுதிவிட்டா அரைவாசி வேலை முடிஞ்சுது.

இப்பிடி ஒருக்கா போட்டுப் பாருங்கோ: “ஒடியல் மா, 500 கிராம் பக்கற். அவிக்காத பனங்கிழங்கைக் காயவைச்சு இடிச்சது. கூழுக்கும் பிட்டுக்கும் நல்லம். இயல்பாவே கைக்கும், அதால சமைக்க முதல் தண்ணியில ஊறவிட்டு, மா அடியில படிஞ்ச பிறகு மேல்தண்ணியை ஊத்திவிடுங்கோ. அப்பிடியே தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுச் சாப்பிட ஆசையெண்டா புழுக்கொடியல் மா வாங்குங்கோ, அது அவிச்சுக் காயவைச்ச கிழங்கில செய்தது.” இதுக்குக் கீழ விலை, டெலிவரிக் காசு, காலாவதித் திகதி. விலையை ஒளிக்காதேங்கோ, விலை கேக்கக் கூச்சப்பட்டே கனபேர் பேசாமல் போயிடுவினம். போனில முதல் ரெண்டு மூண்டு வரிதான் உடன தெரியும், என்ன சாமான், எத்தினை கிராம், எதுக்கு எண்டது அதுக்குள்ள வரோணும்.

கருவாட்டுக்கு மீன்ர பேர், உப்பு கூடவோ குறையவோ, தலையோட வருமோ இல்லையோ, இவ்வளவும் காணும். எழுதினதைக் கூழே காய்ச்சத் தெரியாத ஒராளிட்டக் குடுத்து வாசிப்பியுங்கோ, அவர் எங்க நிண்டு கேள்வி கேக்கிறாரோ அங்க ஒரு வரி கூட்டுங்கோ.

கேள்வி: எங்கட தேனை “சீனி வருத்தக்காரருக்கு மருந்து” எண்டு போட்டா நல்லா ஓடும் எண்டு ஒருத்தர் சொல்லுறார், போடலாமோ? – வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: வேண்டாம் தம்பி, தயவுசெய்து போடாதேங்கோ. தேனும் ரத்தத்தில சீனியைக் கூட்டும், உங்கட வரியை நம்பி ஒரு வயசானவர் கரண்டி கரண்டியாக் குடிச்சா என்ன நடக்கும் எண்டு யோசியுங்கோ. ஆக்களைப் பிழையா வழிநடத்தி விக்கிறது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி குற்றமும் கூட. அதுக்குப் பதிலா எந்த மாதம் எடுத்த தேன், போத்தலில எத்தினை கிராம் எண்டு எழுதுங்கோ. குளிரில உறைஞ்சா பழுது இல்லை, போத்தலை இளஞ்சூட்டுத் தண்ணியில வைச்சா இளகும் எண்டும் ஒரு வரி போடுங்கோ, இல்லாட்டி சீனி கலந்தது எண்டு சண்டைக்கு வருவினம். ஒரு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையளுக்குத் தேன் குடுக்கக்கூடாது எண்டதைக் கட்டாயம் பெரிய எழுத்தில போடுங்கோ.