தூக்குத் தண்டனைக் கைதிக்குக் கடைசி விருப்ப உணவு: சட்டப்படி கேட்டுப் பெற முடியுமா?

கேள்வி: கொலை வழக்கொன்றில் என் தம்பிக்கு விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது; உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு நிலுவையில் உள்ளது. சென்ற மாதம் மனு போட்டுப் பார்க்கப் போனபோது, அவனுக்குக் கொண்டுசென்ற சோற்றையும் மீன்குழம்பையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். “ஆசைப்பட்டதைக் கடைசி நாளில் கேட்டால் கொடுப்போம்” என்றார் ஒரு காவலர். அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா? “உயிரை எடுத்தவனுக்கு விருந்து எதற்கு?” என்று என் கணவரே கேட்கிறார்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, காவலர் சொன்னது நடைமுறையில் உள்ள ஒரு வழக்கம் மட்டுமே. 1894-ஆம் ஆண்டின் சிறைகள் சட்டத்தில் கடைசி விருப்ப உணவு என்று ஒரு பிரிவு கிடையாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில், மரண தண்டனையை நிறைவேற்றும் முறையைச் சொல்லும் 393(5) பிரிவும், உயிர் பிரியும்வரை கழுத்தில் தூக்கிலிட வேண்டும் என்பதற்கு மேல் எதையும் பேசவில்லை. எனவே அந்த உணவு கிடைப்பது சிறைக் கண்காணிப்பாளரின் மனத்தைப் பொறுத்தது.

மீன்குழம்பைத் திருப்பியனுப்பியதையும் சட்டவிரோதம் என்று வாதிடுவது கடினம். சிறைகள் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, வெளியிலிருந்து உணவு பெறும் சலுகையை உரிமையியல் கைதிகளுக்கும் (குற்ற வழக்கில் அல்லாமல் சிறை வைக்கப்பட்டவர்கள்) விசாரணைக் கைதிகளுக்கும் மட்டுமே தருகிறது; தீர்ப்பு வந்த நாளிலிருந்து உங்கள் தம்பி தண்டனைக் கைதி. ஆனால், சுனில் பத்ரா வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் கூறியது உங்களுக்கு முக்கியம். மேல்முறையீடு, கருணை மனு ஆகிய எல்லா வழிகளும் முடிந்து, தண்டனை இனி நிறைவேற்றப்படலாம் என்ற நிலை வரும்வரை ஒருவரை மரண தண்டனையின் கீழ் உள்ளவராகக் கருதித் தனிமையில் அடைக்கக் கூடாது என்றும், மற்றக் கைதிகளுக்குரிய புத்தகம், செய்தித்தாள், விளையாட்டு, ஓரளவு நல்ல உணவு ஆகியவை அவருக்கும் உண்டு என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. ஆகவே, தினமும் கிடைக்கும் உணவு மோசமாக இருந்தால் அதை எதிர்த்து நீங்கள் நீதிமன்றத்துக்கே போகலாம். கடைசி நாள் விருந்துக்காக அப்படிப் போக முடியாது.

அந்த விருந்தை அனுமதிக்கத்தான் வேண்டுமா என்ற உங்கள் கணவரின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. கொல்லப்பட்டவருக்குக் கடைசி விருப்பத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இந்த வாதமே வென்றது. ஜேம்ஸ் பேர்ட் என்ற கறுப்பினத்தவரை 1998-இல் வாகனத்தில் கட்டி இழுத்துக் கொன்றவர்களில் ஒருவரான லாரன்ஸ் புரூவர், 2011 செப்டம்பரில் தன் தண்டனை நாளன்று இறைச்சி வகைகள், பீட்சா, ஒரு பெரிய கிண்ணம் நிறைய வெண்டைக்காய் வறுவல், ஐஸ்கிரீம் என்று நீண்ட பட்டியல் கொடுத்துவிட்டு, பசியில்லை என்று எதையும் தொடவில்லை. மறுநாளே ஜான் விட்மயர் என்ற மாநில செனட்டர் ஆட்சேபித்துக் கடிதம் எழுத, சிறைத் துறை அந்த வழக்கத்தை உடனடியாக நிறுத்தியது. அன்றுமுதல் அங்கே மற்றக் கைதிகளுக்குச் சமைப்பதுதான் மரண தண்டனைக் கைதிகளுக்கும். எழுதப்பட்ட சட்டம் இல்லாததால், ஒருவர் செய்த வீம்புக்கு அவருக்குப் பின் வந்த அத்தனை பேரும் அதை இழந்தார்கள். எதிர்த்துக் கேட்கவும் வழியில்லை. அதே நாட்டின் புளோரிடா மாநிலத்தில் கடைசி உணவுக்கு 40 டாலருக்கு மிகாமல், உள்ளூரில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் சிறை விதிகளிலும் அப்படி அளவான ஒன்றை எழுதிவைப்பதே சரி என்பது என் கருத்து. நீதிமன்றம் விதித்தது உயிரிழப்பு ஒன்றைத்தான்; அதோடு வேறு எதையும் சேர்க்கும் அதிகாரம் சிறைக்கு இல்லை, ஒரு வேளைச் சாப்பாட்டால் அந்தத் தண்டனை குறையப்போவதும் இல்லை.

ஆனால் உங்கள் கவனம் இப்போது வேறு இடத்தில் இருக்க வேண்டும். நீதியரசர் ப. சதாசிவம் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 2014 ஜனவரி 21 அன்று சத்ருகன் சௌஹான் வழக்கில் அளித்த தீர்ப்பின்படி, கருணை மனு நிராகரிக்கப்பட்ட தகவல் கைதிக்குக் கிடைத்த பிறகு, தூக்கிலிடும் தேதிக்கு முன் குறைந்தது 14 நாள் இடைவெளி தரப்பட வேண்டும். குடும்பத்தினரும் நண்பர்களும் அவரை இறுதியாகச் சந்திக்கவும் சிறை நிர்வாகம் ஏற்பாடு செய்தாக வேண்டும். இதைத் தர மறுத்தால், உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் ரிட் மனு தாக்கல் செய்யலாம்.

மேல்முறையீடு தள்ளுபடியானால், அதைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ கருணை மனு அனுப்ப வேண்டும் என்கிறது சன்ஹிதாவின் 472-ஆம் பிரிவு. உறவினர் என்ற முறையில் அதை நீங்களே அனுப்பலாம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஒருவரை நியமிக்கும். மீன்குழம்பு விஷயத்தில், வீட்டிலிருந்து வரும் உணவில் ஏதாவது கலந்திருந்தால் என்ற அச்சமே மறுப்புக்குப் பெரும்பாலும் காரணம் என்பதால், பண்டிகை நாளிலாவது சிறைச் சமையலறையில் செய்து தரும்படி கண்காணிப்பாளருக்கு எழுத்துமூலம் விண்ணப்பித்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.