ப்ளூமிங்டனில் இருக்கிறேன். இந்தியானா பல்கலைக்கழக இசைப்பள்ளியில் சேம்பர் இசைக் கச்சேரிகள் இலவசமாக நடக்கின்றனவாம். மேற்கத்திய இசை ஒன்றும் தெரியாது. இலவசம் என்றால் கற்றுக்குட்டிகள் வாசிப்பதுதானே, போய் என்ன பயன்?

“கற்றுக்குட்டி” என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள். நீங்கள் அண்மையில் அந்த ஊருக்கு வந்தவர், குளிர்கால மாலைகளை என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் ஜேக்கப்ஸ் இசைப்பள்ளியில் ஆண்டுக்கு 1,100க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடக்கின்றன. ஓப்பரா, பாலே போன்றவற்றுக்குத்தான் டிக்கெட். மற்றதில் பெரும்பகுதி இலவசம். இதற்குக் காரணம் தரம் அல்ல, பாடத்திட்டம். மேடையேறி முழுக் கச்சேரி வாசித்துக் காட்டினால்தான் அங்கே பட்டம். எதிரே ஆள் இல்லாமல் மேடைப் பழக்கம் வராது. ஆகவே நீங்கள் போய் உட்காருவது சும்மா கிடைப்பதை வாங்கிக்கொள்வது ஆகாது. அவர்கள் படிப்புக்கு வேண்டிய ஓர் ஆளாக இருக்கிறீர்கள். சென்னையில் மார்கழி மதியக் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் காசு கேட்பதில்லை. அதனால் அங்கே வாசிக்கும் பிள்ளைகளைக் குறைத்தா மதிப்பிடுகிறோம்?

மாணவர்கள் மட்டும் வாசிப்பதாகவும் எண்ண வேண்டாம். செல்லோ மேதை யானோஸ் ஸ்டார்கர் 1958 முதலும், பியானோ கலைஞர் மெனாஹெம் பிரெஸ்லர் 1955 முதலும் கற்பித்த பள்ளி இது. கிராமி விருது பெற்ற பசிஃபிகா குவார்டெட் (நால்வர் குழு) 2012 முதல் இங்கே ஆசிரியக் குழு. ஆசிரியர்களின் கச்சேரிகளிலும் பல இலவசமாகவே நடக்கின்றன.

எதற்குப் போவது என்பதில்தான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள். பள்ளியின் இணைய நாட்காட்டியில் ஒரே நாளில் நாலைந்து நிகழ்ச்சிகள் இருக்கும். “சீனியர் ரீசைட்டல்”, “மாஸ்டர்ஸ் ரீசைட்டல்”, “டாக்டோரல் ரீசைட்டல்” என்று ஒரு மாணவரின் பெயரோடு வருபவை பட்டத்துக்கான கச்சேரிகள். ஏறக்குறைய ஒரு மணி நேரம். “சேம்பர்” என்று குறித்திருப்பதைத் தேடுங்கள்; நால்வர் போன்ற சிறு குழு சேர்ந்து வாசிப்பது அது. ஒரே மாலையில் பல குழுக்கள் ஆளுக்கொரு துண்டாக வாசிக்கும் மாணவர் கச்சேரி முதல் தடவைக்கு நல்லது; ஒன்று பிடிக்காவிட்டாலும் அடுத்தது வந்துவிடும். பருவத்தின் முடிவில், அதாவது நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கம், பிறகு ஏப்ரல், இவை குவியும். கிளம்பும் முன் நாட்காட்டியை மறுபடி பாருங்கள். நால்வரில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலும் கச்சேரி தள்ளிப்போகும், மாற்று ஆளை அன்றைக்கே பிடிக்க முடியாது.

கச்சேரி நடக்கும் இடம் பெரும்பாலும் ஆயர் ஹால் அல்லது ஃபோர்ட்-க்ராஃபோர்ட் ஹால். இரண்டும் சைமன் மியூசிக் சென்டர் கட்டடத்தில்தான். பதினைந்து நிமிடம் முன்னதாகப் போங்கள். தாமதமானால் பதற்றம் வேண்டாம், ஆனால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகக் கூடாது. ஒரு படைப்பு முடிந்து கைதட்டல் கேட்கும்போது நுழையலாம்.

முதல் வரிசை எதற்கு? நாலாவது, ஐந்தாவது வரிசையில்தான் நான்கு ஒலிகளும் கலந்து வரும். பியானோ இருந்தால் உங்கள் இடக்கைப் பக்கம் உட்காருங்கள், விரல்கள் தெரியும். ஸ்ட்ரிங் குவார்டெட் என்றால் இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வயோலா ஒன்று, காலிடையே நிறுத்தி வாசிக்கும் செல்லோ ஒன்று. இடக்கோடியில் இருப்பவர் முதல் வயலின். வலக்கோடியில் செல்லோவோ வயோலாவோ இருக்கும், அது குழுவின் விருப்பம்.

நிரலில் படைப்பின் பெயருக்குக் கீழே அலெக்ரோ, அடாஜியோ, ஸ்கெர்ட்ஸோ என்று வரிகள் இருக்கும். ஒரு வரி ஒரு மூவ்மென்ட், அதாவது ஒரு பகுதி. எத்தனை வரி என்று எண்ணிக்கொள்ளுங்கள். குவார்டெட்டில் பொதுவாக நான்கு. கடைசிப் பகுதி முடிந்த பிறகுதான் கைதட்டல். மொசார்ட் காலத்தில் நடுவிலேயே தட்டினார்களே என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், எனக்கும் தெரியும். ஆனால் இங்கே மாணவர் கச்சேரி பெரும்பாலும் ஒலிப்பதிவாகும், அந்தப் பதிவைப் போட்டிகளுக்கும் அடுத்த படிப்புக்கான விண்ணப்பங்களுக்கும் அனுப்புவார்கள். நடுவே விழும் கைதட்டலும் இருமலும் அதில் தங்கிவிடும்.

எண்ணிக்கையும் சில நேரம் கைவிடும். “அட்டாக்கா” என்று போட்டிருந்தால் இடைவெளி விடாமல் அடுத்த பகுதிக்குப் போவார்கள். ஷோஸ்டகோவிச்சின் எட்டாவது குவார்டெட் (1960) ஐந்து பகுதி, பீத்தோவனின் ஓபஸ் (படைப்பு எண்) 131 ஏழு பகுதி; இரண்டிலும் நிறுத்தமே இல்லை. ஹைடனின் ஓபஸ் 33, இரண்டாம் எண் குவார்டெட் முடிந்துவிட்டது போல நின்று நின்று மறுபடி தொடங்கும். கேட்பவரை ஏமாற்றவே அவர் அப்படி அமைத்தார். நம்பகமான அடையாளம் வில்தான். நால்வரின் வில்லும் கீழே இறங்கித் தோள்கள் தளரும்வரை கைதட்டத் தொடங்காதீர்கள்.

இனி நம் காதுக்கு உள்ள உண்மையான சிக்கல். “புரியவில்லை” என்று நம்மவர்கள் சொல்வதற்குக் காரணம் அறிவுக்குறைவு இல்லை, தம்பூரா இல்லாததுதான். நமக்கு ஸட்ஜம் கச்சேரி முழுதும் அசையாது. இங்கே அந்த ஆதார சுரமே இடம் மாறும். சி என்ற சுரத்தை ஆதாரமாகக் கொண்ட சி மைனரில் தொடங்கியது சில நிமிடங்களில் ஈ ஃப்ளாட் மேஜரில் போய் உட்காரும். நடபைரவியிலிருந்து, ஸட்ஜத்தை வேறு சுரத்துக்கு மாற்றும் கிரக பேதத்தில், சங்கராபரணம் வருமே, அந்த நகர்வுக்கு நெருக்கமானது. ஆனால் அங்கேயே குடியிருந்துவிட்டு வேறு எங்கோ சுற்றி வீட்டுக்குத் திரும்பும். ராகம் என்னவென்று தேடுவதை விட்டுவிடுங்கள். தொடக்கத்தில் வரும் சிறு மெட்டை மனத்தில் பிடித்துக்கொண்டு அது யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். வயலினில் வந்தது செல்லோவில் இறங்கும், வயோலாவில் ஒளிந்திருக்கும். முதல் தடவைக்கு இது போதும்.

கண்ணுக்கும் வேலை உண்டு. கையசைத்து வழிநடத்தும் இசை நடத்துநர் கிடையாது. தொடங்கும் முன் முதல் வயலின் மூச்சை உள்ளிழுப்பார். அந்த மூச்சின் வேகம்தான் காலப்பிரமாணம். வேகம் குறையும் இடங்களில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். நன்றாகப் பழகிய குழு இசைத்தாளைவிட ஒருவரையொருவர் அதிகம் பார்க்கும். பழகாத குழுவில் எல்லார் தலையும் குனிந்தே இருக்கும், முடிவுச் சுரங்கள் மயிரிழை முன்பின்னாக விழும்.

பகுதிகளுக்கு நடுவே சுருதி சேர்ப்பது குறையல்ல. குளிர்காலத்தில் சூடேற்றிய அறையின் காற்று வறண்டுபோகும். மரம் சுருங்கி, தந்தியை முறுக்கும் பிருடை நழுவும், தந்தி இறங்கும். தந்தி அறுந்தால் அந்தக் கலைஞர் எழுந்து உள்ளே போய் மாற்றிவருவார். பெரும்பாலும் அந்தப் பகுதியை முதலிலிருந்து எடுப்பார்கள். அப்போது எழுந்து போய்விடாதீர்கள். அந்த நிமிடத்தில்தான் மேடையில் இருப்பவருக்கு நீங்கள் வேண்டும்.

இருமல் மிட்டாய் கொண்டுபோனால் உறையை வெளியிலேயே பிரித்துவிடுங்கள். அதை மெதுவாகப் பிரிப்பது நாகரிகம் அல்ல, சத்தம் நீளும், அவ்வளவுதான். இப்போது பல அரங்குகளில் நிரலைத் தாளில் தராமல் கைப்பேசியில் பார்க்கச் சொல்கிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. இருட்டில் நாற்பது திரைகள் ஒளிர்ந்தால் யார் கேட்பது? உட்காரும் முன்பே பகுதிகளை எண்ணிக்கொண்டு அணைத்துவிடுங்கள். சிறு குழந்தை இருந்தால் நேரலையில் வருவதை வீட்டிலிருந்து காட்டிப் பழக்குங்கள். நேரில் போனால் கதவோரம் உட்காருங்கள்.

கேள்விக்குத் தொடர்பில்லாததுதான், ஆனாலும் சொல்கிறேன். சினிமா நட்சத்திர இரவுக்கு ஒரு சீட்டுக்கு நூறு டாலர் கொடுத்து இரண்டு மணி நேரம் காரோட்டிப் போகும் நம் குடும்பங்கள், பத்து நிமிட நடையில் இருக்கும் அரங்கை எட்டிப் பார்ப்பதில்லை. நட்சத்திர இரவு கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைக்கு வயலின் வகுப்பு வைத்துவிட்டு, அதே வயலினை நால்வர் சேர்ந்து வாசிப்பதைக் காட்டாமல் இருப்பது வருத்தமாக இருக்கிறது.

முடிந்ததும் வாசித்தவர்கள் பெரும்பாலும் வெளிக்கூடத்துக்கு வருவார்கள். பூங்கொத்து தேவையில்லை. உங்களைத் தொட்ட ஓர் இடத்தைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்: “மூன்றாவது பகுதியில் வயோலா தனியாக வந்த இடம்.” அந்த வயோலா மாணவரிடம் யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.