மழைக்கு ஒண்ணு, மார்கழிக்கு ஒண்ணு: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் உங்க கேள்விகளுக்கு பதில் சொல்றவங்க, நம்ம இளைஞர் பக்கத்துல புத்தகம் பத்தி எழுதற சென்னைப் பொண்ணு. காலேஜ் முடிச்சு இப்பதான் வேலைக்கு சேர்ந்திருக்காங்க, பாதி சம்பளம் புத்தகத்துக்குப் போகுதுன்னு வீட்ல ஒரே புகார்.

அக்கா, சீசனுக்கு ஏத்த மாதிரி நீங்க படிக்கற புத்தகம் மாறுமா? எனக்கு மட்டும்தான் இப்படியான்னு டவுட்டா இருக்கு. (வாசகி, கும்பகோணம்)

நல்லாவே மாறும் தங்கச்சி. சென்னைல மே மாசம் மத்தியானம் கனமான நாவல் எல்லாம் கைல எடுக்கவே முடியாது, வேர்வைல அட்டை கையோட ஒட்டிக்கும், ஃபேன் காத்துல பக்கம் படபடன்னு அடிச்சுக்கும், எங்க விட்டோம்னே தெரியாது, அதனால கோடைக்கு சிறுகதையும் துப்பறியும் கதையும்தான். ஐப்பசில மழை பிடிச்சுக்கிச்சுன்னா கதையே வேற. வெளிய போக முடியாது, கரண்ட் போனா வைஃபையும் போச்சு, அப்ப எமர்ஜென்சி லைட்டை பக்கத்துல வெச்சுக்கிட்டு 600 பக்க நாவலை எடுத்தாதான் எனக்கு மழைக்காலமே ஆரம்பிக்கும். மார்கழில தூங்கவும் முடியாது, நாலரை மணிக்கே கோயில் ஸ்பீக்கர் எழுப்பி விட்டுரும், எழுந்ததுதான் எழுந்தோம்னு கவிதை படிப்பேன். திருப்பாவைல 30 பாட்டு, நாளுக்கு ஒண்ணு, யோசிச்சுப் பாருங்க, இப்ப எல்லாரும் ரீடிங் பிளான் ரீடிங் பிளான்னு சொல்றாங்களே, ஆண்டாள் அதை எப்பவோ போட்டுக் குடுத்துட்டாங்க.

சரஸ்வதி பூஜை அன்னிக்கு படிக்கக் கூடாதுன்னு வீட்ல எல்லா புத்தகத்தையும் வாங்கி வெச்சுடறாங்க. நாவலோட கடைசி 40 பக்கம் பாக்கி. என்ன பண்றது? (தம்பி, விருதுநகர்)

இந்த ஒரு நாள் கொடுமை நமக்குத்தான் புரியும்! பரீட்சைக்கு படிக்கற பசங்களுக்கு அன்னிக்கு கொண்டாட்டம், பாடப்புத்தகத்துக்கு சந்தனம் குங்குமம் வெச்சுட்டு ஜாலியா சுத்துவாங்க, நம்ம நிலைமைதான் திண்டாட்டம். பூஜைக்கு எதைக் குடுக்கறதுன்னு முதல்ல நீங்களே முடிவு பண்ணிடுங்க, அவ்வளவுதான். நான் அக்கவுண்ட்ஸ் புத்தகம், டிக்‌ஷனரி இதையெல்லாம் பயபக்தியோட எடுத்துக் குடுத்துருவேன், படிச்சிட்டிருக்கற நாவல் தலகாணிக்கு அடில. பாட்டி கண்டுபிடிச்சுட்டா சுண்டல் கட் ஆகும், அதுக்கும் தயாரா இருக்கணும். விஜயதசமி காலைல பூஜை புத்தகத்தை எடுத்து ரெண்டு வரியாவது படிக்கணும்னு சொல்வாங்கல்ல, அப்ப 40 பக்கமா படிச்சுக்கோங்க, யாரும் கேக்க மாட்டாங்க.

பொங்கல் லீவுல முதல் தடவையா சென்னை புத்தகக் கண்காட்சிக்கு வரலாம்னு இருக்கேன். கைல 2000 ரூபா. எப்படி சுத்தணும்? (வாசகர், திருவண்ணாமலை)

முடிஞ்சா பொங்கல் லீவுல வராதீங்க. நிஜமாத்தான் சொல்றேன், காணும் பொங்கல் கூட்டத்துல புத்தகத்தை விட முதுகைத்தான் அதிகம் பாப்பீங்க. வேலை நாள்ல வந்தா கடைக்காரங்களே உக்காந்து பேசுவாங்க, எந்த பதிப்புல அச்சு நல்லா இருக்கு, எது மறுபதிப்பு வந்திருக்குன்னு எல்லாம் சொல்வாங்க. 1977ல அண்ணா சாலை மதரஸா-இ-ஆஸம் ஸ்கூல்ல சின்னதா ஆரம்பிச்ச விஷயம், பபாசின்னு பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கம், அவங்கதான் நடத்தறாங்க, இப்ப நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துல நடந்து நடந்து கால் கழண்டுடும்.

ரெண்டு ரவுண்டா போங்க. முதல் ரவுண்டுல ஒரு பைசா எடுக்கக் கூடாது, விலைப்பட்டியலை மட்டும் வாங்கி பைல போட்டுக்கிட்டே வரணும், அப்புறம் வெளிய வந்து மொளகா பஜ்ஜி சாப்பிட்டுக்கிட்டே பேனா எடுத்து டிக் அடிக்கணும். வழக்கமான 10 பர்சென்ட் தள்ளுபடி எல்லா கடையிலயும் கிடைக்கும், அதுக்காக அவசரப்பட வேண்டாம். 2000ல 1500க்கு லிஸ்ட்ல இருக்கறது, மிச்ச 500 எந்த பிளானும் இல்லாம, பேரே கேள்விப்படாத ஒரு சின்னப் பதிப்பகத்துல. அந்த 500 ரூபாதான் சார் கண்காட்சி, மத்ததெல்லாம் ஆன்லைன்லயே வாங்கிடலாம். டெல்லி அப்பளம் சாப்பிட்ட கையோட வெள்ளை அட்டைப் புத்தகத்தைத் தொடாதீங்க, ப்ளீஸ்.

சென்னை தோதுப்படலன்னா ஜூலை வாக்குல நெய்வேலி, ஆகஸ்ட்ல ஈரோடு இருக்கு. 2022ல இருந்து அரசாங்கமே மாவட்டத்துக்கு மாவட்டம் நடத்துது, உங்க ஊர்லயே வரும்.

எங்க காலத்துல வாரப் பத்திரிகைல வர்ற தொடர்கதையைக் கிழிச்சு பைண்ட் பண்ணி வெச்சோம். நீங்கல்லாம் போன்ல தள்ளிக்கிட்டே போறீங்க. அதுல என்னம்மா சுகம்? (ஓய்வு பெற்ற ஆசிரியர், கோவை)

ஐயா, முதல்ல அந்த பைண்டிங்கை எல்லாம் பழைய பேப்பர்காரருக்கு போட்டுடாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். கோடை லீவுக்கு பாட்டி வீட்டுக்குப் போனா எனக்கு பரண்தான் லைப்ரரி. பொன்னியின் செல்வன் 1950ல இருந்து 1954 வரைக்கும் கல்கில தொடரா வந்தப்ப மணியம் வரைஞ்ச படத்தோட வந்ததுல்ல, அந்த மாதிரி பைண்டிங்ல படிக்கற ருசி புது பதிப்புல வரவே வராது. கதைக்குப் பின்பக்கம் பாதி ஜோக்கு, பாதி சோப்பு விளம்பரம், நடுவுல ஏதோ ஒரு வாரம் பத்திரிகையை யாரோ இரவல் வாங்கிட்டுப் போனதால அந்த அத்தியாயமே இருக்காது, அதுல என்ன நடந்திருக்கும்னு நாமளே கட்டிக்கணும். நுங்கு சாப்பிட்ட கறை கூட அப்படியே இருக்கும்.

போனையும் ரொம்ப திட்டாதீங்க ஐயா. மதுரைத் திட்டம்னு ஒண்ணு, 1998 பொங்கலப்ப ஆரம்பிச்சது, சங்க இலக்கியத்துல இருந்து எவ்வளவோ நூலை தன்னார்வலர்கள் உக்காந்து தட்டச்சு பண்ணி இலவசமா குடுத்திருக்காங்க. குறுந்தொகையை எலக்ட்ரிக் ட்ரெயின்ல நின்னுக்கிட்டே நான் படிக்கறது அப்படித்தான். ஒரு கை கம்பில, இன்னொரு கை போன்ல, தடிமனான உரைநூலை எங்க பிடிக்கறது சொல்லுங்க?

மழைல பை நனைஞ்சு புத்தகம் ஊறிடுச்சு. காப்பாத்த முடியுமா? (வாசகி, நாகர்கோவில்)

உடனே செஞ்சா முடியும். சுள்ளுனு அடிக்கற வெயில்ல மட்டும் போடாதீங்க, அட்டை வளைஞ்சு அப்பளமாயிடும். கொஞ்சம் கொஞ்சம் பக்கத்துக்கு நடுவுல டிஷ்யூ பேப்பர் வெச்சு, ஃபேனுக்கு அடில விரிச்சு நிக்க வைங்க, ஈரமான டிஷ்யூவை மாத்திக்கிட்டே இருங்க. நிறைய புத்தகம் நனைஞ்சிருந்தா, இன்னிக்கே எல்லாத்தையும் காய வைக்க முடியாதுன்னா, பிளாஸ்டிக் கவர்ல கட்டி ஃப்ரீசர்ல போடுங்க. சிரிக்காதீங்க, குளிர்ல பூஞ்சை வளராது, அப்புறம் நிதானமா ஒண்ணொண்ணா எடுத்து காய வைக்கலாம். மீன் கவர் பக்கத்துல வைக்காம இருந்தா சரி. வழவழ பேப்பர்ல அச்சடிச்ச படப் புத்தகம் மட்டும் பக்கம் ஒட்டிக்கிச்சுன்னா கஷ்டம், அதை முதல்ல கவனிங்க. அலமாரில காய்ஞ்ச வேப்பிலை, வசம்பு போட்டு வெச்சா பூச்சி கிட்ட வராதுன்னு எங்க பாட்டி சொல்வாங்க, நானும் போடறேன்.

தீபாவளிக்கு பட்டாசா, புத்தகமா? (தம்பி, சிவகாசி)

சிவகாசில இருந்துக்கிட்டு இதை என்கிட்ட கேக்கறியே! காலைல ஒரு சரம், அப்புறம் எண்ணெய் குளிச்ச தூக்கத்துல தீபாவளி மலர். பாதி கதைலயே கண்ணு சொக்கிடும், லேகியத்து மேல பழியைப் போட்டுடலாம்.

வருஷத்துக்கு 100 புத்தகம்னு சவால் எடுத்தேன், 11லயே நிக்கறேன். (வாசகர், திருச்சி)

11ம் பிடிச்சுதா? அதைச் சொல்லுங்க முதல்ல. எண்ணிக்கைக்காக ஒல்லியான புத்தகமா தேடித் தேடி எடுக்கறவங்களை எனக்குத் தெரியும்.

ஃப்ரெண்டு வாங்கிட்டுப் போன புத்தகம் போன பொங்கல்ல இருந்து வரல. கேக்கவும் சங்கடமா இருக்கு. (தங்கச்சி, காரைக்குடி)

அந்தப் புத்தகத்தோட ரெண்டாம் பாகத்தை வாங்கி ஸ்டேட்டஸ்ல போடு. அவளே போன் பண்ணுவா. முதல் பாகம் வந்தாதான் ரெண்டாவதுன்னு சொல்லிடு.