செம்பருத்தி: மொட்டு உதிர்வும் மாவுப்பூச்சியும்

கேள்வி: மொட்டை மாடியில் தொட்டியில் வைத்த அடுக்குச் செம்பருத்தி. மொட்டு நிறைய வருகிறது, விரிவதற்குள் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. போடாத உரம் இல்லை. என்ன குறை? - வாசகி, திருச்சி

பதில்: உரத்தைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். மொட்டு வருகிறதென்றால் செடிக்குச் சத்து இருக்கிறது. மாடித் தொட்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது தண்ணீரைத்தான். காலையில் ஊற்றியது வெயிலில் மதியத்துக்குள் காய்ந்து, மறுபடி சொதசொதவென்று ஆகி, மறுபடி காய்ந்து என்று மாறிக்கொண்டே இருந்தால் செடி மொட்டைத்தான் முதலில் கைவிடும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால், அடித்துளை வழியாக வெளியே வரும் வரை ஊற்றுங்கள். கோடையில் சாயங்காலமும் ஒருமுறை தேவைப்படலாம். அப்புறம், உதிர்ந்த மொட்டு ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே சின்னப் புழுவோ ஓடுகிற இலைப்பேனோ இருந்தால் விஷயமே வேறு. உதிர்ந்ததையெல்லாம் தினமும் பொறுக்கி அழித்துவிட வேண்டும், தொட்டியிலேயே மட்க விடக்கூடாது. அடுக்கு ரகங்கள் இயல்பிலேயே ஒற்றைச் செம்பருத்தியைவிட அதிகம் மொட்டு உதிர்ப்பவை, அதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: செடி முழுக்க வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கிறது. மருந்து அடித்தாலும் திரும்ப வருகிறதே? - வாசகர், ஈரோடு

பதில்: மாவுப்பூச்சி. அதன் மேலிருக்கும் மெழுகுப் பூச்சில் மருந்து ஒட்டாமல் வழிந்துவிடும். அதிகம் மொய்த்த நுனிகளை வெட்டி எரித்துவிட்டு, மீதியைக் குழாய்த் தண்ணீரால் வேகமாக அடித்துக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். முட்டைகள் தப்பியிருக்கும், அதனால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் தெளிக்க வேண்டும். தண்டில் எறும்பு ஏறுகிறதா பாருங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், தின்ன வரும் பூச்சிகளை விரட்டும். எறும்பைத் தடுக்காமல் மருந்து மட்டும் அடித்துப் பயனில்லை.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கூட்டத்தின் நடுவே கொஞ்சம் பெரிதாக, வெள்ளை இழைகள் நீட்டிக்கொண்டு, சுறுசுறுப்பாக நகரும் ஒன்று இருந்தால் நசுக்கிவிடாதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழு. 2008-இல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடவில்லை. அதை அடக்கியது 2010-இல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விட்ட சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிதான். நன்மை செய்யும் பூச்சி கண்ணில் பட்டால் மருந்தைத் தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: ஆறடி வளர்ந்துவிட்டது, உச்சியில் மட்டும் நாலு பூ. வெட்டலாமா? - வாசகி, நாகர்கோவில்

பதில்: தாராளமாக. செம்பருத்தி புதுத் தளிரில்தான் பூக்கும். மூன்றில் ஒரு பங்கு உயரத்தை, கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். கொளுத்தும் வெயில் காலத்தில் மட்டும் வேண்டாம். வெட்டியதில் பென்சில் கனமுள்ள குச்சிகளை எறியாமல், கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு நிழலில் ஈரமணலில் நட்டு வையுங்கள், நாட்டு ஒற்றைச் செம்பருத்தி என்றால் சுலபமாக வேர் பிடிக்கும்.