.315 தோட்டா ஏன் கடையில் தேங்குகிறது?

கோத்தகிரியில் தாத்தாவின் .315 ரைஃபிளை (இந்த எண் குண்டின் விட்டத்தை ஏறத்தாழ அங்குலத்தில் குறிக்கும்) உரிமத்துடன் வைத்திருக்கும் ஒருவர், அக்காலத்தில் வேட்டைத் தோட்டாவை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், சில ரகங்கள் ஏன் மெதுவாக விற்கின்றன என்று கேட்டிருக்கிறார்.

முதலில் பார்த்தது விலங்கையும் தூரத்தையும். முக்குருத்திப் புல்வெளியில் வரையாடு மனிதனை நெருங்க விடாது. அங்கே தாழாமல் நேராகப் பாயும் .275 தோட்டா பொருந்தியது. முதுமலைப் புதருக்குள் காட்டெருமை சில கஜ தூரத்திலேயே எதிர்ப்படும். தடித்த தோலையும் எலும்பையும் ஊடுருவ அங்கே கனமான, சிதறாத குண்டு வேண்டும். வேகத்தை மட்டும் பெரிதாகப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. உதைப்பு தோளுக்கு மிஞ்சினால் குறி தவறும். காயம்பட்ட விலங்கு துடித்தே சாகும். அது கொடுமை.

சட்டமும் தேர்வை வளைத்தது. 1907 வாக்கில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் .450 தோட்டாவுக்குத் தடை விதித்தது. அந்த இடத்தை நிரப்ப .470 போன்றவை வந்தன. ராணுவத்தின் .303 பொதுமக்களுக்கு எட்டாததால் .315 பரவியது.

விற்பனை மந்தத்துக்குக் காரணம் எளிது. உரிமத்தில் குறித்த ரகத்தை, அனுமதித்த எண்ணிக்கையில் மட்டுமே வாங்க முடியும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991 திருத்தமும் வேட்டையை முடித்துவைத்தன. ஆகவே சுட்டுத் தீர்ப்பவர் அரிது. அபூர்வ ரகத்தில் பணத்தை முடக்க வியாபாரி தயங்குவார்.

பழைய பெட்டி கிடைத்தால், பித்தளை உறையில் பச்சைக் களிம்போ விரிசலோ இருக்கிறதா என்று பாருங்கள். மலை ஈரம் பொல்லாதது, ஐயமிருந்தால் வாங்காதீர்கள்.